அவசரக் கருத்தடைக்கு ஒரு நாள்தான் மீதம் இருக்கிறது: பல்லடம் பக்கம் எங்கே செல்வது?

கேட்பவர்: பல்லடத்துத் தாய் (செப்டம்பர் 25, வியாழன் மாலை)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 29. பல்லடத்திற்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் கணவர், மாமியார், இரண்டு குழந்தைகளுடன் வசிக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. இளைய குழந்தைக்குப் பதினொரு மாதம் ஆகிறது, இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். இரண்டு பிரசவமும் அறுவை சிகிச்சை என்பதால், இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குக் கருத்தரிக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மூன்று மாதங்களாக மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது. கடைசியாக வந்தது இம்மாதம் 12ஆம் தேதி. செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணியளவில் ஆணுறை கிழிந்துவிட்டது.

நேற்று வேலை முடிந்து வரும் வழியில் மூன்று மருந்துக் கடைகளில் அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டேன். முதல் கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற பெரியவருக்கு இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்தபடியே, "அதெல்லாம் நாங்க வாங்கி வெக்கறதில்லைங்க" என்றார். இரண்டாவது கடையில் மருத்துவர் சீட்டுக் கேட்டார்கள். மூன்றாவது கடையில் இருந்தவர், நான் சொல்லி முடிக்கும் முன்பே "எத்தன நாள் தள்ளிப்போயிருக்குதுங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டு, உள்ளே சென்று ஒரு சிறு பெட்டியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டார். வீட்டில் பிரித்துப் பார்த்தால் ஐந்து மாத்திரைகள் இருக்கின்றன. எனக்குத் தெரிந்தவரை அவசர மாத்திரை ஒன்றே ஒன்றுதான். அதனால் விழுங்காமல் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. என்னுடன் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, 20 வயது, திருமணம் ஆகாதவள், விடுதியில் தங்கியிருக்கிறாள். ஆடிப்பெருக்கு அன்று பவானி கூடுதுறையில் கூட்டத்தில் நிற்கும்போது மாதவிலக்கு வந்ததாகவும், அதற்குப் பிறகு வரவே இல்லை என்றும் இன்று சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொல்லி அழுதாள். வீட்டில் பரிசோதித்துக் கரு உறுதியாகிவிட்டது. என்னிடம் இருக்கும் பெட்டியைப் பற்றிச் சொன்னதும், அதைத் தனக்குக் கொடுத்துவிடும்படி கெஞ்சுகிறாள். விடுதியில் யாரோ எள்ளும் வெல்லமும் பப்பாளிக் காயும் சாப்பிடச் சொல்லி, பத்து நாட்களாகச் சாப்பிட்டும் இருக்கிறாள்.

அந்தப் பெட்டியை நான் விழுங்கலாமா, அவளுக்குக் கொடுக்கலாமா, அல்லது வேறு என்ன செய்வது? அவசர மாத்திரையால் தாய்ப்பாலுக்குக் கெடுதல் உண்டா? மருத்துவமனையில் அவளுக்குப் பெற்றோர் கையெழுத்துக் கேட்பார்களா, காவல் நிலையம் வரை போகுமா? தயவுசெய்து தெரிந்தவர்கள் இன்றைக்கே சொல்லுங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், ஈரோடு மாவட்டம்

அம்மணி, செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. ஐந்து மாத்திரை என்றால் அது கருக்கலைப்பு மாத்திரையாகத்தான் இருக்கும்; அந்தப் பெட்டியை நீங்களும் விழுங்க வேண்டாம், அந்தப் பெண்ணிடமும் கொடுக்க வேண்டாம். நாளை வெள்ளிக்கிழமை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, காலையில் சீட்டுப் போடும் நேரத்திற்கே அரசு மருத்துவமனைக்குச் சென்று, மகப்பேறு பிரிவில் "செவ்வாய் இரவு ஆணுறை கிழிந்துவிட்டது, காப்பர்-டி போட்டுக்கொள்ள வந்திருக்கிறேன்" என்று நேராகச் சொல்லுங்கள். பல்லடத்திலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே அன்று இயலாது என்றால், காத்திருக்காமல் திருப்பூர் தாராபுரம் சாலையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பேருந்து ஏறிவிடுங்கள்.

மாத்திரை கேட்டவருக்குக் காப்பர்-டி எதற்கு என்று நினைக்கலாம். அவசரக் கருத்தடைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் என்ற ஒற்றை மாத்திரை. 72 மணி நேரத்திற்குள், அதிலும் எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. உங்கள் கணக்கில் அந்தக் கெடு நாளை இரவு பத்து மணியோடு முடிகிறது. மற்றொன்று காப்பர்-டி, உறவு நடந்து ஐந்து நாட்களுக்குள் கருப்பையில் பொருத்தினால், நூறு பேரில் ஒருவருக்குக்கூடக் கரு தங்குவது அரிது. ஞாயிறு இரவு வரை உங்களுக்கு அதற்கு நேரம் இருக்கிறது என்றாலும், ஞாயிற்றுக்கிழமையை நம்பி இருக்க வேண்டாம். உங்களுக்கு நான் காப்பர்-டியை வற்புறுத்துவதற்குக் காரணம், செவ்வாய்க்கிழமை உங்கள் சுழற்சியின் பன்னிரண்டாம் நாள். கருமுட்டை வெளிவரும் தறுவாய் அது. மாத்திரை செய்வதெல்லாம் கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவது மட்டுமே. முட்டை ஏற்கெனவே வெளிவந்துவிட்டால் அதனால் பயன் இல்லை. செம்பு அப்படியல்ல, விந்தணுவையே செயலிழக்கச் செய்துவிடும். அதோடு, இரண்டு ஆண்டு இடைவெளி தேவைப்படும் உங்களுக்கு, 375 வகை என்றால் ஐந்து ஆண்டுகளும், 380ஏ வகை என்றால் பத்து ஆண்டுகளும் அதுவே பாதுகாப்பாக இருக்கும். வேண்டாம் என்று நினைக்கும் நாளில் எடுத்துவிடலாம். அறுவை சிகிச்சைப் பிரசவம் இதற்குத் தடை இல்லை. அரசு மருத்துவமனையில் கட்டணமும் இல்லை.

எந்தக் காரணத்தாலோ நாளை காப்பர்-டி போட இயலாமல் போனால், அங்கேயே மாத்திரையைக் கேட்டு வாங்கி உடனே விழுங்குங்கள். தாய்ப்பாலுக்கோ குழந்தைக்கோ அதனால் கெடுதல் இல்லை. இரண்டு மணி நேரத்திற்குள் வாந்தி வந்தால் இன்னொரு மாத்திரை எடுக்க வேண்டும். வலிப்பு நோய்க்கு ஃபெனிட்டாய்ன், கார்பமசெபின் போன்றவையோ, காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ சாப்பிடுகிறவர்களுக்கு இம்மாத்திரையின் பலன் குறையும். உடல் எடை மிகுந்தவர்களுக்கும் அப்படியே. மாத்திரை எடுத்த பிறகு அதே மாதத்தில் மீண்டும் பாதுகாப்பின்றி உறவு கொண்டால் பழைய மாத்திரை காப்பாற்றாது. முன்பெல்லாம் மாலா-என் மாத்திரையில் நான்கும், பன்னிரண்டு மணி நேரம் கழித்து நான்கும் கொடுத்து இதே வேலையைச் செய்திருக்கிறோம். அதில் வாந்தி அதிகம், பலன் குறைவு, போதாக்குறைக்கு அட்டையிலுள்ள ஏழு இரும்புச்சத்து மாத்திரைகளையும் சேர்த்து எண்ணி விழுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அது தேவையில்லை.

இப்போது அந்தப் பெண்ணைப் பற்றி. கருவின் வயதைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3 என்றால் இன்றைக்கு 53 நாள், அதாவது ஏழு வாரமும் நான்கு நாளும். மாத்திரை மூலம் கருவைக் கலைப்பதற்குச் சட்டமும் மருத்துவமும் வைத்திருக்கும் எல்லை ஒன்பது வாரம், 63 நாள். அது அக்டோபர் 5. ஆகவே அவளுக்கு வழி இருக்கிறது, ஆனால் ஒரு வாரத்திற்கு மேல் தயங்க இடம் இல்லை. அந்த நாள் கடந்துவிட்டாலும் வழி அடைபடுவதில்லை. பன்னிரண்டு வாரம் வரை கையால் இயக்கும் உறிஞ்சு கருவி கொண்டு சில நிமிடங்களில் செய்யும் முறை உண்டு, அதற்கு மேலும் மருத்துவமனையில் தங்கிச் செய்யும் முறைகள் உண்டு. வாரம் கூடக்கூடச் சிரமமும் கூடும் என்பதால்தான் விரைவாகப் போகச் சொல்கிறேன்.

"அதே மாத்திரையைத்தானே மருத்துவரும் தருவார், கடைப் பெட்டிக்கு என்ன குறை?" என்று அவள் கேட்பாள். மருத்துவர் மாத்திரைக்கு முன்னால் செய்யும் காரியங்கள்தான் உயிரைக் காப்பவை. நாள் கணக்கு சரியா, கரு கருப்பைக்குள் இருக்கிறதா அல்லது கருக்குழாயில் தங்கியிருக்கிறதா, இரத்தச் சோகை எவ்வளவு, இரத்த வகை என்ன என்று பார்ப்பார். கருக்குழாயில் தங்கிய கருவை இந்த மாத்திரை கலைக்காது. இரத்தப்போக்கு வந்ததைக் கண்டு முடிந்துவிட்டது என்று நம்பியிருக்கும்போது குழாய் வெடித்து உள்ளேயே இரத்தம் கொட்டும். விடுதியில் இரண்டு வேளை காபியும் ஒரு வேளைச் சோறுமாக இருக்கும் பிள்ளைகளின் இரத்த அளவைப் பல ஆண்டுகள் பார்த்தவள் நான். அந்த உடம்பு தனியாக ஒரு குளியலறைக்குள் தாங்கக்கூடிய இரத்தப்போக்கு அல்ல இது.

எள்ளையும் பப்பாளியையும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அவற்றால் கரு கலையாது, நாள்தான் கரையும். அதை விடவும் மோசமானதை, யாராவது எருக்கங்குச்சி என்றோ, ஊசி போடுகிறேன் என்றோ, வீட்டில் வைத்துச் செய்கிறேன் என்றோ சொன்னால், அந்த வாசற்படியைக்கூட மிதிக்க வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூன்று நாள் காய்ச்சலோடு மாட்டு வண்டியில் வந்து இறங்கிய ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்சில் சென்றிருக்கிறேன். அவள் பிழைக்கவில்லை. அவளுக்கும் வயது இருபதுக்குள்தான்.

மறுமொழி: மருந்தாளுநர், கோபிசெட்டிபாளையம்

சகோதரி, உங்களிடம் உள்ள பெட்டியின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம் ஒன்று, மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் நான்கு என்று அச்சிட்டிருந்தால், அது கருக்கலைப்பு மாத்திரை. கருத்தரிப்பதைத் தடுக்கும் வேலைக்கு அது இல்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை உங்களிடம் விற்றது தவறு. நீங்கள் கேட்டது என்ன என்பதைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் விற்றது அதனினும் பெரிய தவறு. என் தொழிலைச் சேர்ந்த ஒருவர் செய்த காரியம் என்பதால் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

ஒற்றை மாத்திரையான லெவோநார்ஜெஸ்ட்ரலை 2005 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம். தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது என்று பலர், சில கடைக்காரர்கள் உட்பட, உறுதியாக நம்புகிறார்கள். அப்படி ஒரு தடை இல்லை. ஆனாலும் நம் பக்கத்துக் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். கருக்கலைப்பு மாத்திரையைச் சீட்டு இல்லாமல் விற்றதற்காகக் கடைகள்மேல் நடவடிக்கை எடுப்பார்கள். அந்தப் பயத்தில் பெயர் தெரியாமல் இரண்டையும் ஒன்றாகப் போட்டு, இரண்டையுமே வாங்கி வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஊர்க்காரர் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. இதனால் நேரும் விளைவை நீங்களே பார்த்துவிட்டீர்கள்: கரு தங்காமல் தடுக்கும் மாத்திரை கிடைக்கவில்லை, கலைக்கும் மாத்திரை செய்தித்தாளில் சுற்றிக் கிடைத்துவிட்டது.

அந்தப் பெண் தானாக விழுங்கக் கூடாது என்பதற்குச் செவிலியர் அம்மா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், ஆஸ்துமாவுக்கோ வேறு நோய்க்கோ நீண்ட நாளாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள், கருப்பையில் காப்பர்-டி இருக்கும்போதே கருத்தரித்தவர்கள் போன்றோருக்கு இம்மாத்திரையால் ஆபத்து உண்டு. இதையெல்லாம் கேட்டறிய ஒரு மருத்துவர் எதிரில் இருக்க வேண்டும். மேலும் முதல் மாத்திரைக்கும் அடுத்த நான்கிற்கும் இடையே 24 முதல் 48 மணி நேர இடைவெளி வேண்டும். ஐந்தையும் ஒரே நேரத்தில் விழுங்கிவிட்டு வந்து நிற்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

மறுமொழி: சேலம் மாவட்டத்து ஆசிரியர்

இங்கே பேசுவோர் அனைவரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறீர்கள் என்பதை அறிவேன். இருந்தாலும் மனத்தில் உள்ளதைச் சொல்கிறேன். பெண் குழந்தைகள் பிறந்த உடனே உயிரிழந்த கொடுமையால், 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை எங்கள் சேலத்தில்தான் தொடங்க வேண்டி வந்தது. பிறகு ஸ்கேன் வந்தது, கருவிலேயே பெண்ணைக் கண்டு அழித்தார்கள். அத்தகைய மண்ணில், கருக்கலைப்பு உரிமை என்று இவ்வளவு எளிதாகப் பேசுவது அந்தப் பழைய கொடுமைக்கே மறுபடியும் கதவைத் திறந்துவிடாதா? அவசர மாத்திரையும் உண்டான கருவை அழிப்பதுதானே?

மறுமொழி: வழக்கறிஞர், கோயம்புத்தூர்

ஆசிரியர் ஐயாவின் கவலை நியாயமானது. அதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. ஆனால் அவர் சொல்லும் கொடுமைக்கு எதிராக ஒரு தனிச் சட்டம் இருக்கிறது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதும், சொல்வதும், சொல்லும்படி கேட்பதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கருக்கலைப்பைப் பற்றியது 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம். இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. இந்தப் பெண் எட்டாம் வாரத்தில் இருக்கிறாள். ஒன்பது வாரத்திற்குள் ஸ்கேன் எடுத்தாலும் ஆணா பெண்ணா என்று தெரியாது. பெண் சிசுவை அழித்தவர்கள் பெரும்பாலும் கருவைச் சுமந்தவளின் விருப்பத்தைக் கேட்டவர்கள் அல்லர். அவளது சம்மதம் இல்லாமல் கருவைக் கலைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 89ஆம் பிரிவின்கீழ் ஆயுள் தண்டனை வரை விதிக்கத்தக்க குற்றம் என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்; "பெண் குழந்தையாக இருக்கும், கலைத்துவிடு" என்று கணவர் வீட்டார் வற்புறுத்தி இழுத்துச் செல்லும் பெண்களும் இதைப் படிக்கக்கூடும். அவசர மாத்திரையைப் பற்றிச் செவிலியர் அம்மா விளக்கிவிட்டார்: கருமுட்டை வெளிவருவதையே தள்ளிப்போடுவதால், அழிப்பதற்கு அங்கே கரு இல்லை. ஒருவேளை முன்பே கரு தங்கியிருந்தாலும் அது ஒன்றும் செய்யாது.

இனி கேட்டவரின் கேள்விக்கு வருகிறேன். 18 வயது நிரம்பிய, சுயமாக முடிவெடுக்கும் மனநலத்துடன் உள்ள பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும். மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் 3(4) பிரிவு அதைத்தான் சொல்கிறது. "சி" படிவத்தில் அவள் மட்டும் கையெழுத்திட வேண்டும். பெற்றோர், கணவர், காதலர் யாருடைய கையெழுத்தையும் சட்டம் கேட்கவில்லை. காவல் நிலையத்திற்கும் இதில் வேலை இல்லை. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் காப்பாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் தேவை, போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிக்கும் கடமையும் வரும்; அங்கும்கூட, அச்சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அவளது பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் தம் அறிக்கையில் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்துள்ளது.

திருமணம் ஆகவில்லை என்பது தடையா என்றால், இல்லை. பழைய சட்டம் கருத்தடை தவறிய நிலையைச் சொல்லும் இடத்தில் "மணமான பெண் அல்லது அவளுடைய கணவர்" என்று எழுதியிருந்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் அதை "பெண் அல்லது அவளுடைய துணைவர்" என்று மாற்றியது. அத்திருத்தம் 2021 செப்டம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். இருபதிலிருந்து இருபத்து நான்கு வாரம் வரை, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், சிறுமியர், கருவுற்றிருக்கும்போது கணவரை இழந்தவர்கள் அல்லது மணமுறிவு பெற்றவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்ற சில வகையினருக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு அனுமதி உண்டு. அந்த வரம்பிலிருந்து மணமாகாத பெண்களை ஒதுக்கக் கூடாது என்பதுதான் நான் மேலே சொன்ன அதே தீர்ப்பின் மையம். அதற்கும் மேல், கருவுக்குக் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு கண்டால் மட்டுமே. தாயின் உயிரைக் காக்க உடனடியாகச் செய்ய வேண்டியிருந்தால் வார வரம்பு பொருந்தாது.

அவளுடைய பெயரை வெளியிட்டால், அந்த மருத்துவருக்குக் கருக்கலைப்புச் சட்டத்தின் 5ஏ பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மருத்துவமனையின் அனுமதிப் பதிவேடே ரகசிய ஆவணம்தான். நேர்மாறாக, கடையில் வாங்கித் தானே விழுங்குவது சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே போய்விடுகிறது. சட்டத்திற்குப் புறம்பாகத் தானே கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவு உள்ளடக்குகிறது. அவளைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெட்டியைக் கொடுப்பதால் உங்களுக்கும் சிக்கல் வரும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பனியன் கம்பெனிப் பெண்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: சட்டப்படி கருக்கலைப்புச் செய்துகொண்டவருக்கு, மகப்பேறு பயன் பற்றிய சட்டப்படி ஆறு வார ஊதியத்துடன் விடுப்பு உண்டு, இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு அந்தப் பயன் இ.எஸ்.ஐ. வழியாக வரும். அதற்குச் சான்று காட்ட வேண்டும் என்பதால், அலுவலகத்தில் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்கள் அதைக் கேட்பதா வேண்டாமா என்பதைத் தாங்களே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மறுமொழி: பெருந்துறையிலிருந்து ஒரு சகோதரி

நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பாதையில் நடந்தவள். எட்டாவது வாரம். கணவர் லாரியில் நாக்பூர் பக்கம் சென்றிருந்தார். இருவரும் தொலைபேசியில் பேசித்தான் முடிவெடுத்தோம். முதலில் சென்ற தனியார் மருத்துவமனையில், கணவர் நேரில் வந்து கையெழுத்திட்டால்தான் பார்ப்போம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் வரப் பத்து நாள் ஆகும், அதற்குள் ஒன்பது வாரம் தாண்டிவிடும். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. மறுநாள் அரசு மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்து, "நீங்க போட்டாப் போதும்" என்று பேனாவைக் கொடுத்தார். அந்தப் பேனாவைப் பிடித்தபோதுதான் என் கை எவ்வளவு நடுங்குகிறது என்று எனக்கே தெரிந்தது.

முதல் மாத்திரை விழுங்கியபோது ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து மற்ற நான்கையும் கன்னத்திற்கும் ஈறுக்கும் இடையில் அரை மணி நேரம் அடக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வாயெல்லாம் மாவு போல் கரைந்தது. மூன்று மணி நேரத்தில் வலி தொடங்கியது. மாதவிலக்கு வலியைவிடக் கூடுதல், பிரசவ வலியைவிடக் குறைவு. குளிர் நடுக்கமும் பேதியும் வந்தன. அவை அந்த மருந்தால் வருபவை என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. கட்டிகளோடு இரத்தம் போனது, மாலைக்குள் தணிந்தது, பிறகு பத்து நாட்களுக்குச் சிறிது சிறிதாக வந்துகொண்டிருந்தது. பத்தாம் நாள் நானாக ஒரு பரிசோதனைக் குச்சி வாங்கிப் பார்த்து, இரண்டு கோடு தெரிந்ததும் அழுதுவிட்டேன். மூன்று நான்கு வாரம் வரை அப்படிக் காட்டும், அதை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று மருத்துவர் பிறகு சொன்னார். மறுபரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது.

முடிவு எனக்குச் சரியாகவே பட்டது, இன்றும் அப்படித்தான் படுகிறது. ஆனாலும் சில நாட்கள் காரணம் இல்லாமல் மனம் கனத்திருந்தது. யாரிடமும் சொல்ல முடியாததுதான் அதிகம் வருத்தியது. அந்தப் பெண்ணுக்கு நீங்கள் ஒருவர் இருக்கிறீர்கள். தயவுசெய்து அவளைத் தனியாக அனுப்பாதீர்கள்.

பல்லடத்துத் தாய் (செப்டம்பர் 27, சனி இரவு)

உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. நேற்றுக் காலையில் மருத்துவமனைக்குச் சென்று, செவிலியர் அம்மா சொல்லிக் கொடுத்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன். பதினொன்றரை மணிக்குள் காப்பர்-டி பொருத்திவிட்டார்கள். ஒரு நிமிடம் அடிவயிற்றைச் சுருட்டிப் பிடித்தது போல் இருந்தது, அவ்வளவுதான். எடுக்க வேண்டிய ஆண்டை எழுதிய அட்டை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டியையும் மருத்துவரிடமே ஒப்படைத்துவிட்டேன்.

இன்று அவளை அழைத்துக்கொண்டு திருப்பூருக்குச் சென்றேன். வயதுச் சான்று கேட்டார்கள், காட்டினாள். திருமணம் ஆகிவிட்டதா என்று ஒரே ஒரு முறை கேட்டுக் குறித்துக்கொண்டார்கள், யாரும் திட்டவில்லை. ஸ்கேனில் கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது, ஏழு வாரம் ஐந்து நாள். இரத்த அளவு சற்றுக் குறைவு என்றாலும் மாத்திரை கொடுக்கலாம் என்றார்கள். முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கினாள். திங்கட்கிழமை காலையில் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு மணி நேரம் அங்கே வைத்திருந்து பிறகு அனுப்புவார்களாம். விடுதியில் விட மனம் இல்லாமல் எங்கள் வீட்டிற்கே அழைத்து வந்துவிட்டேன். வயிற்றுவலி என்று மட்டும் மாமியாரிடம் சொன்னேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. உள்ளறையில் பாய் விரித்து, சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரைச் சொம்பில் வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமைக்கு என்னவெல்லாம் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்?

மறுமொழி: ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்

நல்லது கண்ணு. பெரிய நாப்கின் இரண்டு பாக்கெட், மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல், மாற்றுத் துணி ஆகியவை போதும். வலி வரட்டும் என்று காத்திராமல், மருத்துவர் சொல்லும் நேரத்திலேயே வலி மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள். சாப்பிடத் தடை இல்லை. ரசஞ்சோறு, இட்லி எதுவானாலும் கொடுக்கலாம்.

வீட்டிற்கு வந்த பிறகு, ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின்கள் முழுவதும் நனைவது தொடர்ந்து இரண்டு மணி நேரம் நீடித்தாலோ, மயக்கம் வந்தாலோ, மறுநாளும் காய்ச்சல் விடாமல் அடித்தாலோ, நாற்றத்துடன் வெள்ளைப்பட்டாலோ, ஒரு பக்க அடிவயிற்றில் வலி குத்தினாலோ, நேரம் பார்க்காமல் 108ஐ அழைத்து அதே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இரத்தமே வராவிட்டாலும் போய்ச் சொல்ல வேண்டும். சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 104 இருக்கிறது.

அடுத்த கரு பத்து நாட்களுக்குள்ளேயே தங்க வாய்ப்பு உண்டு என்பதை அவளிடம் சொல்லிவிடுங்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடும் அந்தாரா ஊசியோ, முதல் மூன்று மாதம் வாரம் இருமுறையும் பிறகு வாரம் ஒருமுறையும் விழுங்கும் சாயா மாத்திரையோ, ஆணுறையோ, எது தனக்குச் சரி என்று மருத்துவரிடம் திங்கட்கிழமையே கேட்டு முடிவு செய்யட்டும். உங்களுக்கும் ஒன்று: அடுத்த மாதவிலக்கு முடிந்ததும் காப்பர்-டியின் நூல் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள், நாள் தள்ளினால் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய மறுபரிசோதனை இரண்டு வாரத்தில், அக்டோபர் 11ஆம் தேதி வருகிறது. அன்று சனிக்கிழமை. புரட்டாசிச் சனி, பெருமாள் கோயிலுக்குப் போக வேண்டும் என்று தள்ளிப்போட்டுவிடாதீர்கள். காலையில் மருத்துவமனைக்குப் போய்விட்டு மாலையில் கோயிலுக்குப் போகலாம்.